எழுத வராத ஒரு பதில்: கல்லூரியில் வேதியியலும் உயிர்வேதியியலும் படிக்கும் முறை

இரண்டாம் ஆண்டுத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. குளுக்கோஸைப் பத்துப் படிகளில் உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதையான கிளைக்காலிசிஸில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஏன் முதலில் ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட்டாக மாற வேண்டும், அப்படியே உடைந்தால் என்ன? எனக்குப் பத்துப் படிகளும் தெரியும். எந்தப் படிக்கு எந்த நொதி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி எங்கே செலவாகிறது, எங்கே கிடைக்கிறது, எல்லாவற்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு வரிகூட எழுத வரவில்லை. ஆறு வாரம் உட்கார்ந்து நான் படித்தது வெறும் பெயர்ப்பட்டியல் என்று அன்றுதான் புரிந்தது.

இப்போது இளநிலை மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கிறேன். நன்றாக உழைக்கிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். குறிப்பேட்டில் நான்கு நிறத்தில் கோடு போட்டிருப்பார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். உயிர்வேதியியலைத் தனிப் பாடமாக நினைக்க வேண்டாம். கரிம வேதியியலில் பார்த்த அதே ஏழெட்டு வினைகள்தான் இங்கே தண்ணீருக்குள், நொதியின் பிடிக்குள் நடக்கின்றன. எலக்ட்ரான் எங்கிருந்து கிளம்பி எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் பெயர்கள் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும்.

அந்தத் தேர்வுக் கேள்வியையே இப்போது போட்டுப் பார்ப்போம். பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் கண்ணால் மட்டும் படித்தால் மனதில் நிற்காது.

குளுக்கோஸைத் திறந்த சங்கிலியாக, மேலிருந்து கீழே ஆறு கார்பனாக வரையுங்கள். கார்பனைல், அதாவது கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் இடம், முதல் கார்பனில் இருக்கிறது. சங்கிலியை உடைக்க நொதி கையில் எடுப்பது ஆல்டால் வினையின் தலைகீழ் வடிவம். ஆல்டால் வினையில் ஒரு கார்பன்-கார்பன் பிணைப்பை உண்டாக்கினோம், நினைவிருக்கிறதா? கார்பனைலுக்கு அடுத்த கார்பன் ஆல்ஃபா, அதற்கும் அடுத்தது பீட்டா. பீட்டாவின் மேல் ஒரு ஹைட்ராக்சில் வந்து நின்றது. உடைக்கும்போதும் அதே இடம்தான், ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் நடுவே. பீட்டாவில் இருக்கும் ஹைட்ராக்சில் தன் புரோட்டானைக் கொடுத்துவிட்டுப் புதிய கார்பனைலாக மாறுகிறது. உடைந்த பிணைப்பின் எலக்ட்ரான்கள் பழைய கார்பனைலின் பக்கம் போய்ச் சேருகின்றன.

குளுக்கோஸில் கார்பனைல் 1இல் இருப்பதால் ஆல்ஃபா 2, பீட்டா 3. வெட்டு 2க்கும் 3க்கும் நடுவே விழும். இரண்டு கார்பன் துண்டு ஒன்றும் நான்கு கார்பன் துண்டு ஒன்றும் கிடைக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பாதை வேண்டும். ஃப்ரக்டோஸில் கார்பனைல் 2க்கு நகர்ந்துவிடுகிறது. இப்போது ஆல்ஃபா 3, பீட்டா 4. வெட்டு சரியாக நடுவில் விழுகிறது, மூன்றும் மூன்றும். அந்த இரண்டு துண்டுகளும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை, அதனால் மீதி ஐந்து படிகளை இரண்டுக்கும் ஒரே பாதையில் முடித்துவிடலாம். இதை ஒருமுறை கையால் வரைந்தவர்கள் இரண்டாம் படியை மறப்பதை நான் பார்த்ததே இல்லை.

சரி, இதற்கு என்ன தயாரிப்பு வேண்டும்? கார்பனைல் வேதியியல். கரிம வேதியியல் புத்தகம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், உயிர்வேதியியலுக்குப் போகும் முன் கைக்குப் பழக வேண்டியவை கொஞ்சம்தான்: கார்பனைலின் மேல் நியூக்ளியோஃபைல் சேருவது, எஸ்டர் போன்றவற்றில் ஒரு குழு போய் இன்னொரு குழு வருவது, ஈனோலேட் உண்டாவது, ஆல்டால், கிளெய்சன், அமீன் சேர்ந்து இமீன் ஆவது, பீட்டா-கீட்டோ அமிலத்திலிருந்து கார்பன் டைஆக்சைடு வெளியேறுவது. இவற்றை அம்புக்குறியோடு தடுமாறாமல் வரைய வந்துவிட்டால் வளர்சிதைமாற்றப் பாதைகளில் பாதிக்கு மேல் உங்களுக்கு முன்பே அறிமுகமாகியிருக்கும்.

அம்புக்குறி பற்றி ஒரு வார்த்தை. என்னிடம் வரும் விடைத்தாளில் முதலில் பார்ப்பது அம்பின் வால் எங்கே இருக்கிறது என்பதைத்தான். வால் எப்போதும் எலக்ட்ரான் இருக்கும் இடத்தில், அதாவது ஒரு தனி ஜோடியிலோ ஒரு பிணைப்பிலோ தொடங்க வேண்டும். புரோட்டானிலிருந்து அம்பு கிளம்புவது போல நிறையப் பேர் வரைகிறார்கள். புரோட்டானிடம் கொடுக்க எலக்ட்ரானே கிடையாது. இந்த ஒரு தவறைத் திருத்திக்கொள்ள ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும்.

அடுத்து, பாடப்புத்தகத்தில் ஒரு பாதை வரும்போதெல்லாம் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் "இது எந்த வினை" என்று எழுதுங்கள். சிட்ரிக் அமிலச் சுழற்சியை எடுத்துக்கொள்வோம். முதல் படியில் அசிட்டைல் கோஏவின் மெத்தில் கார்பன் ஆக்சலோஅசிட்டேட்டின் கீட்டோனைத் தாக்குகிறது. ஆல்டால் போன்ற சேர்க்கை. ஐசோசிட்ரேட் வரும்போது முதலில் ஒரு ஹைட்ராக்சில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கீட்டோன் ஆகிறது, அப்புறம்தான் கார்பன் டைஆக்சைடு போகிறது. ஏன் அந்த வரிசை? அந்தக் கீட்டோன் வந்த பிறகுதான் ஒரு கார்பாக்சிலுக்கு பீட்டா இடத்தில் கார்பனைல் அமைகிறது. கார்பன் டைஆக்சைடு விட்டுவிட்டுப் போகும் எலக்ட்ரான்களைத் தாங்கிக்கொள்ள அப்போதுதான் ஓர் இடம் கிடைக்கிறது.

இங்கேயே நின்று பைருவேட்டைப் பாருங்கள். அதிலும் ஒரு கீட்டோன் இருக்கிறது, ஒரு கார்பாக்சில் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒட்டியபடி நிற்கின்றன. கார்பன் டைஆக்சைடு போனால் எலக்ட்ரான்கள் கார்பனைல் கார்பனின் மேலேயே அம்போவென்று நிற்க வேண்டியதுதான். அதனால்தான் தயமின் பைரோபாஸ்பேட் தேவைப்படுகிறது. அது அந்தக் கார்பனோடு சேர்ந்துகொண்டு, நேர்மின்சுமை உள்ள தன் நைட்ரஜன் பக்கம் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. வைட்டமின் பி1 உடலுக்கு ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட அழகான பதில் எனக்குத் தெரியாது. வைட்டமின் பி6இலிருந்து வரும் பிரிடாக்சால் பாஸ்பேட் அமினோ அமிலங்களுக்குச் செய்வதும் இதே வேலைதான். துணைநொதிகளை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யாமல், "எலக்ட்ரானுக்கு உட்கார இடமில்லாத ஊரில் இடம் கொடுக்க வருபவை எவை" என்று கேட்டுப் பாருங்கள்.

படிக்கும் முறை இப்படி. இருபது, இருபத்தைந்து நிமிடம் ஒரு பகுதியைப் படியுங்கள். புத்தகத்தை மூடி அறையின் மறுமூலையில் வையுங்கள். மேசையில் இருந்தால் கை தானாகத் திறக்கும். வெற்றுத்தாளில் படித்ததை வரையுங்கள். மாட்டிக்கொண்ட இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். முடித்த பிறகு எழுந்து போய் அந்த வட்டங்களுக்கு உரியதை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். தாளைக் கிழித்துப் போடுங்கள். மறுநாள் இன்னொரு வெற்றுத்தாள், மூன்று நாள் கழித்து ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று. வட்டங்கள் குறைந்துகொண்டே வரும்.

முதல் சில நாள்கள் இது மிகவும் சோர்வாக இருக்கும். திரும்பத் திரும்பப் படிப்பது சுகமாக இருக்கும், எல்லாம் தெரிவது போலவும் இருக்கும். 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். படித்த ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். சோர்வாக இருப்பதால் முறை தவறு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

வரையும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள், அதுவும் வீட்டில் பேசுகிற தமிழில். "இந்த ஆக்சிஜன் இங்கே வந்து இடிக்குது, அந்தக் குழு கழண்டு போகுது" என்று சொல்லிப் பார்த்தால் எங்கே புரியவில்லை என்பது சட்டென்று தெரிந்துவிடும். பாடநூல் வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்கும்போது புரியாத இடமும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இருபது அமினோ அமிலங்களின் அமைப்பு, பெயர், குறியெழுத்து எல்லாம் கையில் இருந்தே ஆக வேண்டும். நாளுக்கு இரண்டு வீதம் பத்து நாள். அகரவரிசையில் படிக்காமல் பக்கச்சங்கிலியின் குணப்படி கூட்டம் பிரித்துக்கொள்ளுங்கள். கூடவே பிகேஏ மதிப்புகளும் (பாதி மூலக்கூறுகள் புரோட்டானை இழந்திருக்கும் பிஎச்): ஆஸ்பார்டேட், குளூட்டமேட் 4க்குப் பக்கத்தில், ஹிஸ்டிடின் 6, சிஸ்டீன் 8.3, டைரோசின் 10.1, லைசின் 10.5, ஆர்ஜினின் 12.5. இந்த எண்கள் இல்லாமல் புரதத்தைப் பற்றி யோசிக்கவே முடியாது.

எண்ணைக் கற்றவுடன் அதை வைத்து ஒரு கணக்குப் போட்டுவிட வேண்டும். பிஎச் 7இல் ஹிஸ்டிடின் எந்த நிலையில் இருக்கும்? பிகேஏவுக்கு ஒரு அலகு மேலே, அதாவது புரோட்டான் இல்லாதது பத்து என்றால் புரோட்டான் உள்ளது ஒன்று. பதினொன்றில் ஒன்று, ஏறக்குறைய 9 சதவீதம். லைசினுக்கு அதே கணக்கைப் போட்டால் புரோட்டான் இல்லாதது மூவாயிரத்தில் ஒன்றுதான். உடலின் பிஎச் அருகே புரோட்டானை வாங்கவும் கொடுக்கவும் தயாராக நிற்பது ஹிஸ்டிடின் என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, இல்லையா? நொதிகளின் வினைமையத்தில் அது ஏன் அடிக்கடி வருகிறது என்பதற்குத் தனியாகக் குறிப்பு எழுத வேண்டாம்.

வெப்ப இயக்கவியல் பகுதியில் இன்னும் மெதுவாகப் போங்கள். போன ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "அக்கா, ஆல்டோலேஸ் படிக்கு டெல்டா ஜி நாட் பிளஸ் 23.8 கிலோஜூல்னு போட்டிருக்கு. அப்போ அந்த வினை நடக்கவே நடக்காதுதானே? பிறகு எப்படி நடக்குது?" மிக நல்ல கேள்வி. ஆல்டோலேஸ் என்பது மேலே பார்த்த வெட்டைச் செய்யும் நொதி; டெல்டா ஜி என்பது வினையின் கட்டிலா ஆற்றல் மாற்றம், அது பிளஸில் இருந்தால் வினை தானாக முன்னோக்கிப் போகாது. கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். 25 டிகிரி செல்சியஸில் சமநிலை மாறிலி பத்து மடங்கு மாறினால் ஏறக்குறைய 5.7 கிலோஜூல். 23.8ஐ 5.7ஆல் வகுத்தால் 4.2 வருகிறது; மாறிலி பத்தாயிரத்தில் ஒன்றைவிடச் சற்றுக் குறைவு, சுமார் 0.00007 மோலார்.

அதற்கு மேல்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று உடைந்து இரண்டாகும் வினை இது. 1 மோலார் கரைசலில் தொடங்கினால் உடைவது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதே பொருளை 0.1 மில்லிமோலார் அளவில் எடுத்தால் பாதிக்கு மேல், சுமார் 55 சதவீதம் உடைந்துவிடுகிறது. செல்லுக்குள் இருப்பது இந்த இரண்டாவது வகைச் செறிவு. போதாததற்கு அடுத்த படிகள் விளைபொருளை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. "நாட்" போட்ட எண் எல்லாப் பொருளும் 1 மோலார் இருக்கும்போது என்ன என்பதை மட்டும் சொல்கிறது. எந்தச் செல்லும் அப்படி இருப்பதில்லை. அந்த மாணவி கணக்கை முடித்துவிட்டு, "அப்போ தண்ணி ஊத்தினாலே உடையுமா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம், நொதி இருந்தால் போதும், நீர்த்துப்போகப் போக அதிகம் உடையும். அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தவளுக்கு அந்தப் பாடத்தில் இனி என் உதவி தேவையில்லை.

இந்தக் கணக்குகளில் மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் ஜூலையும் கிலோஜூலையும் கலப்பதால்தான். வாயு மாறிலி 8.314 என்பது ஜூலில். ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள், அவ்வளவுதான்.

நொதி இயக்கவியலுக்கு மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாட்டை (1913) வெறுமனே எழுதிப் பழகாமல் எண்களை உள்ளே போட்டு விளையாடுங்கள். வேகம் உச்சத்தில் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்குப் போகச் செறிவு எத்தனை மடங்கு கூட வேண்டும்? கேஎம்மில் (வேகம் உச்சத்தில் பாதியாகும் செறிவு) ஒன்பதில் ஒரு பங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை, ஆக 81 மடங்கு. சாதாரண நொதியால் சட்டென்று திறந்து மூட முடியாது என்பது இதிலிருந்து தெரியும். கூட்டுறவாக வேலை செய்யும் (ஓரிடத்தில் பிடித்தால் மற்ற இடங்களும் எளிதாகப் பிடிக்கும்) நொதிகள் எதற்கு என்ற பாடம் அதற்குப் பிறகு எளிது. தடுப்பான்களுக்கும் இப்படியே செய்யுங்கள். தலைகீழ் வரைபடங்களின் (1/வேகம், 1/செறிவு) கோடுகளை மட்டும் நினைவில் வைத்தால் எது எந்தப் பக்கம் சாயும் என்று கடைசி நேரத்தில் குழம்பும்.

நிறமாலைக் கணக்குகளில் ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்ட இரண்டை எடுத்து எதிரெதிராக வைப்பதுதான் சிறந்த பயிற்சி. 4 கார்பன், 8 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன்: எத்தில் அசிட்டேட்டும் மெத்தில் புரோப்பனோயேட்டும். புரோட்டான் என்எம்ஆரில் இரண்டுக்கும் மூன்றாகப் பிளந்த ஒரு சிகரம் (மும்மை), நான்காகப் பிளந்த ஒன்று (நான்மை), பிளவுபடாத ஒன்று (ஒற்றை). பரப்பும் 3, 2, 3. பிளவை மட்டும் பார்ப்பவர்களால் பிரிக்கவே முடியாது. எங்கே விழுகிறது என்று பாருங்கள். நான்மை 4.1 பிபிஎம்மில் இருந்தால் அந்த இரண்டு ஹைட்ரஜனும் ஆக்சிஜனை ஒட்டிய கார்பனில் இருக்கின்றன, எத்தில் அசிட்டேட். நான்மை 2.3இலும் ஒற்றை 3.7இலும் இருந்தால் மெத்தில் புரோப்பனோயேட். இப்படி இருபது ஜோடிகளை நீங்களே உண்டாக்கி, இருவர் மாற்றிமாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முப்பரிமாணத்தைத் தாளில் படிக்க முயலாதீர்கள். பந்தும் குச்சியுமான மாதிரிப் பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சிட்ரேட் மூலக்கூறு சமச்சீரானது, அதன் இரண்டு கைகளும் ஒன்றே. பிறகு எப்படி நொதி எப்போதும் ஒரே கையை மட்டும் தொடுகிறது? அடையாளமிட்ட கார்பன் ஒரே பக்கம் போவதைப் பார்த்து, சிட்ரேட் இந்தச் சுழற்சியில் இருக்கவே முடியாது என்றுகூட ஒரு காலத்தில் வாதிட்டார்கள். 1948இல் ஓக்ஸ்டன் மூன்று இடங்களில் பிடித்துக்கொண்டால் நொதியால் வேறுபடுத்த முடியும் என்று காட்டினார். மாதிரியைக் கையில் எடுத்து மூன்று விரலால் பிடித்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. கிளைசின் ஏன், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தில் மற்றவை போகாத இடத்துக்கெல்லாம் போகிறது என்பதையும் அதே பெட்டியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பக்கச்சங்கிலிக்குப் பதில் வெறும் ஹைட்ரஜன் என்பதால் திருப்பும்போது இடிப்பதில்லை.

ஆய்வகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூன்றாம் ஆண்டுத் திட்டப்பணியில் ஒரு நொதியைச் சுத்திகரித்துக்கொண்டிருந்தேன். டிரிஸ் பஃபரை (பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) அறை வெப்பநிலையில் பிஎச் 8.0க்குச் சரிசெய்து குளிர் அறைக்கு எடுத்துப் போனேன். இரண்டு வாரமாக நொதி எதிர்பார்த்தபடி நிறப்பிரிகைப் பத்தியில் (நொதியைப் பிரித்தெடுக்கும் குழாயில்) ஒட்டவில்லை. டிரிஸின் பிகேஏ ஒரு டிகிரி குறையும்போது சுமார் 0.028 கூடும். 25இலிருந்து 4 டிகிரிக்குப் போனதில் என் பஃபர் 8.6 ஆகியிருந்தது. அந்த வரி எங்கள் பாடநூலிலேயே இருந்தது, அடிக்கோடும் போட்டிருந்தேன். எனவே பஃபரை எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறீர்களோ அங்கேயே வைத்து அளவிடுங்கள். முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றி, பிஎச்சைச் சரிசெய்துவிட்டு, கடைசியில் அளவுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

உள்ளே போகும் முன்னாலேயே வரப்போகும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். எலக்ட்ரான்களைச் சுமக்கும் துணைநொதியான என்ஏடிஹெச் 340 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும், அதன் மோலார் உறிஞ்சு மாறிலி 6220. ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் 0.1 மில்லிமோலார் இருந்தால் கருவி 0.622 காட்ட வேண்டும். 0.06 காட்டினால் பத்து மடங்கு நீர்த்துவிட்டீர்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து கணக்குப் போடும்போது தெரிந்தால் மாதிரி போய்ச் சேர்ந்திருக்கும்.

அத்தியாயத்தின் பின்னால் இருக்கும் கணக்குகளைப் போடும்போது குறைந்தது இருபது நிமிடமாவது விடையைப் பார்க்காமல் திணறுங்கள். பார்த்த பிறகு விடையை மூடிவிட்டு முதலிலிருந்து நீங்களே போடுங்கள். பார்த்துப் புரிந்துகொண்டதைப் போட்டதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்ந்து படிப்பதென்றால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். ஒருவர் பலகையில் வரையட்டும், மற்றவர் ஒவ்வோர் அம்புக்கும் "ஏன்" என்று மட்டும் கேட்கட்டும்.

தேர்வுக்கு முந்தைய நாள் புதிதாக எதையும் திறக்காதீர்கள். மூன்று வெற்றுத்தாள். ஒன்றில் கிளைக்காலிசிஸ், அமைப்புகளோடும் அம்புகளோடும். இன்னொன்றில் சிட்ரிக் அமிலச் சுழற்சி. சுழற்சியில் சேரும் அசிட்டைலின் இரண்டு கார்பன்களுக்கும் வேறு நிறம் கொடுத்து, ஒரு சுற்று முடியும்போது அவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வெளியேறிய இரண்டு கார்பன் டைஆக்சைடும் அவை இல்லை. மூன்றாவதில் இருபது அமினோ அமிலங்கள், பிஎச் 7இல் இருக்கும் மின்சுமையோடு. சிவப்பு வட்டங்களைச் சரிபார்த்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள்.